இரண்டாவது வரிசை, நான்காவது கட்டம்

நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ அதோடு மூடி வைத்துவிடுவாய். போனில் நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு வரிதான் என்றுதானே எழுதச் சொன்னாய். அதனால் நலத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். அத்தானுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. எனக்குக் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது. உன் மகள் போன பிறந்தநாளுக்குப் பிறகு ஒன்றரை அங்குலம் வளர்ந்திருக்கிறாள். சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மின்னஞ்சலில்தான் போகிறது என்றாலும் இதைக் கடிதமாக நினைத்தே எழுதுகிறேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. அதற்குப் பதில் எழுத மூன்று நாளாக உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். முதலில் வேறொன்றைச் சொல்கிறேன். இதுவும் அந்தப் பதிலில் சேர்ந்ததுதான்.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகியது. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து பிளம்பரை வரவழைத்தேன். அந்த நேரம் பள்ளி வேன் வந்துவிட்டது. நம் மேனேஜர் (உன் மகளுக்கு அத்தான் வைத்த பெயர்தான் இப்போது தெருவுக்கே பழகிவிட்டது) பையைப் போட்டுவிட்டு, பொத்தானை அழுத்தினால் சொல் ஒலிக்கும் பேச்சுப் பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேராகப் போய் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்து, "பாப்பா பேசாதா?" என்று கேட்டார். "பேசுவா. கையால பேசுவா," என்றேன்.

பலகையில் போன மாதம் ஒரு புதிய வரிசை சேர்ந்திருக்கிறது. என்ன, எங்கே, யார், ஏன். அவளுடைய பேச்சு டீச்சர் சேர்க்கச் சொன்னார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், கொண்டையில் எப்போதும் ஒரு பேனாவைச் செருகியிருப்பார், நல்ல வாய். "இவ்வளவு நாளா ‘வேணும்’, ‘வேண்டாம்’னு மட்டுமே கொடுத்து வெச்சிருக்கோம். கடைக்காரர்கிட்டதான் அப்படிப் பேசுவோம். வீட்ல யாராவது அப்படிப் பேசுவாங்களா?" என்றார். நீ இல்லாததால் அந்த நான்கு சொல்லையும் நான்தான் என் குரலில் பதிவு செய்தேன்.

பிளம்பர் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். பலகை என் குரலில் "என்ன" என்றது. அவர் என்னைப் பார்த்தார். இடையில் புகுந்து பதில் சொல்லக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, "ஸ்பேனர்மா," என்றார். அடுத்தது எடுத்தார். "என்ன." "இது குழாயைச் சுத்துற டேப்பு." அடுத்தது. "என்ன." இப்படிப் பதினொரு பொருள். முடிவில் குழாயை விட்டுவிட்டு அவரே பையைக் கவிழ்த்து, "இதைக் கேட்கலையே நீ," என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாவைக்கூட விடவில்லை. அதையும் திறந்து காட்டினார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க வீட்ல மூணு பேரு வாய் வலிக்கப் பேசுறாங்க மேடம். நான் என்ன வேலை செய்றேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல," என்றார்.

அவளுக்குக் கேட்கத் தெரியும் என்பதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.

இப்போது உன் கேள்வி. அவள் உன்னைக் கேட்கிறாளா என்று எழுதச் சொன்னாய். கேட்கவில்லை என்றால், அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அங்கே இன்னும் மூன்று வருட வேலைக்கான ஒப்பந்தத்தில் இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுவதாக எழுதியிருந்தாய்.

அவள் உன்னைக் கேட்கவில்லை. அதுதான் உண்மை. ஆனால் ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் நான்.

நீ புறப்படுவதற்கு முன் இரண்டு நாள் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு எண்பது சொல் பதிவு செய்தாயே, நினைவிருக்கிறதா? வெளிச்சத்தம் விழக் கூடாது என்று. ‘போதும்’ சொல்லின் முடிவில் உன் இருமல் ஒன்று மாட்டிக்கொண்டது. ‘தண்ணி’க்குப் பின்னால் குக்கர் விசில். அந்த வீட்டில் இன்றும் நீதான் ஒரு நாளைக்கு இருபது தடவை தண்ணி கேட்கிறாய். இரண்டாவது வரிசையில் நான்காவது கட்டம், அப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில், ‘அம்மா’. அதுவும் உன் குரல்.

நீ போன முதல் வாரம் அவள் அதை மட்டும்தான் அழுத்தினாள். எழுந்ததிலிருந்து. பல் தேய்க்கும்போது, வேனில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால். ஒவ்வொரு தடவையும் உன் குரல் "அம்மா" என்றது. அத்தான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் அவர் வெளியே வந்து, "ஏதாவது பண்ணு, என்னால முடியல," என்றார். பலகையின் அமைப்புகளில் ஒரு பொத்தானை மறைக்க வழி இருக்கிறது. மறைத்தேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தேன். அச்சுக்குப் போகும் பக்கங்களைத் திருத்துவது என் தொழில். ஒரு சொல் இடைஞ்சலாக இருந்தால் எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பேன். நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.

அந்தக் கட்டம் வெறுமையாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் அந்த வெற்றுக் கட்டத்தை ஒன்பது நாள் அழுத்தினாள். சத்தம் வரவில்லை. பத்தாம் நாள் நிறுத்திவிட்டாள். அத்தான், "மறந்துட்டா, பாவம்," என்றார். நானும் ஆமாம் என்றேன். அன்று நாங்கள் இருவரும் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அதைத் திரும்ப எடுத்து வைக்க ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். பழைய அழுகை திரும்பிவிடுமோ என்று தள்ளிப் போட்டேன். அப்புறம் நினைப்பதும் நின்றுவிட்டது. இரண்டு வருடம்.

இன்னொன்றும் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் நீ வீடியோவில் பேசும்போது போன் சாய்ந்து உனக்குக் கூரை மட்டும் தெரிந்தது. நெட்வொர்க் சரியில்லை, போன் வழுக்கிவிட்டது என்று மூன்று வாரம் தொடர்ந்து சொன்னேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. அவள் உன் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். நீ ஊகித்திருக்கிறாய் என்பது அதற்குப் பிறகு நீ வீடியோவில் வராததிலிருந்தே தெரிந்தது. "என்னை ஒதுக்குகிறாள் போல" என்று இப்போது வந்த உன் கடிதத்தில்தான் முதல் தடவையாக எழுதியிருக்கிறாய். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன்.

நாளைக் காலை அந்தப் பொத்தானைத் திரும்ப வைக்கப் போகிறேன். நீ என்னைத் திட்டி எழுது, பரவாயில்லை. ஆனால் ஒரு சொல்லே இல்லாத இடத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்பதை அவளுடைய பதிலாக எடுத்துக்கொள்ளாதே. கையெழுத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மன்னிப்பைக் கேட்கத் தெரியாமல் கேட்கும்,
தங்கை

*

பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

"நீ நல்லதுக்குத்தான் செய்திருப்பாய்" என்று ஒரே வரி எழுதியிருந்தாய். திட்டியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும். அது உனக்கும் தெரியும்.

பொத்தானை ஐந்தாம் தேதி காலை அதே கட்டத்தில் வைத்தேன். வேறு இடத்தில் வைத்தால் அவள் விரலுக்குத் தெரியாது. எழுத்துப் படித்துத் தேடுவதில்லை, விரல்தான் வழி நினைவு வைத்திருக்கிறது. பலகையைத் தோளில் மாட்டியதும் கவனித்துவிட்டாள். சாம்பல் கட்டத்தில் உன் முகம் வந்திருந்தது. முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலை அதன்மேல் வைத்தாள், அழுத்தவில்லை. பிறகு ‘தண்ணி’யை அழுத்தினாள். கொடுத்தேன்.

பத்து நாளாகிறது. இன்னும் அழுத்தவில்லை.

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டையிலிருந்து பேனாவை எடுத்தார், திரும்பச் செருகினார். பிறகு, "ஒருத்தர் வாயைக் கையால பொத்திட்டு, இவங்க பேசவே மாட்டேங்குறாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு மேடம்," என்றார். அதன் பிறகு குரல் தணிந்து, "இப்போ பட்டன் இருக்கு, சரி. இந்த ரெண்டு வருஷத்துல நீங்க யாராவது அவ எதிர்ல அவங்க அம்மாவைப் பத்திப் பேசியிருக்கீங்களா?" என்று கேட்டார். யோசித்தேன். பேசியதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் அத்தான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார், நான் மாடிக்குப் போய்விடுவேன்.

"குழந்தைங்க கேட்டுக் கேட்டுத்தான் பேசுதுங்க. இவ பாஷை இந்தப் பலகை. இதுல யாரும் பேசி இவ பார்த்ததே இல்ல. நீங்க பேசுங்க. பரீட்சை வைக்காதீங்க, அம்மா எங்கே காட்டுன்னு கேட்காதீங்க. சும்மா பேசுங்க. பதில் வந்தா வரட்டும்." இதுதான் அவர் கொடுத்த வைத்தியம். இன்னொரு எச்சரிக்கையும் சொன்னார். அவள் எதையாவது சொன்னால் சொன்னதோடு நிறுத்த வேண்டுமாம். நம் ஆசைக்கு ஒரு சொல்லைக்கூடச் சேர்த்துச் சொல்லக் கூடாதாம்.

அதனால் இப்போது வீட்டில் நாங்கள் விரலால் பேசுகிறோம். உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. சாதம் வடித்துக்கொண்டே சொல்ல வேண்டியதைக் கட்டம் கட்டமாகத் தேட வேண்டும். முதல் நாள் அத்தான் பத்து நிமிடம் விரலை வைத்துக்கொண்டு அலைந்து, ‘அப்பா – பெரிய – சூடு’ என்று சொன்னார். முதுகு வலிக்கிறது என்று சொல்ல வந்தாராம். அவள் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தாள். "லிஃப்ட்ல மாட்டினவங்களைக்கூட அஞ்சு நிமிஷத்துல வெளியே எடுத்துடுவேன், ஒரு வார்த்தையை எடுக்க முடியலையே," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் சிரித்தாள். பத்து வருடமாக அவள் இப்படித்தான் அலைந்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அத்தானுக்கும் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து அவசரப்படுத்துவதை விட்டுவிட்டார்.

உன்னைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோதுதான் அடுத்த சங்கடம் வந்தது. ‘அம்மா – தூரம்’ என்றேன். ‘அம்மா – வேலை’ என்றேன். சரி, என்ன வேலை? ‘துணி’ என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்பு வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலை என்பது தெரியும். நீ அங்கே நிற்கிறாயா, உட்கார்ந்திருக்கிறாயா? துணியை நீ போடுகிறாயா, எடுக்கிறாயா? அத்தானைக் கேட்டேன். இயந்திரம் தேய்க்கும், அவள் மடிப்பாள் என்றார். மடிப்பதற்கும் இயந்திரம் இருக்கும் என்றேன். அப்படியானால் அவள் என்னதான் செய்கிறாள் என்று இரண்டு பேரும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். மேனேஜர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்தில் எத்தனை தடவை உன்னோடு பேசியிருப்போம்? சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்பு எப்படி இருக்கு, சரி வைக்கட்டுமா. எங்களிடம் இருந்ததும் நான்கு பொத்தான்தான் அக்கா. அந்த பிளம்பர் வாசலில் சொல்லிவிட்டுப் போனது இங்கே வந்துதான் எனக்கு உறைத்தது. அதனால் தயவுசெய்து எழுது: நீ நாள் முழுவதும் அங்கே என்ன செய்கிறாய்? அவளிடம் சரியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்று நடந்தது. வியாழக்கிழமை நான் ‘அம்மா’ என்று அழுத்தியபோது, அவள் பலகையை என் கையிலிருந்து எடுத்து, ஒலி வரும் ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு, என் விரலைப் பிடித்துத் திரும்ப அந்தக் கட்டத்தில் வைத்தாள். அழுத்தினேன். மறுபடியும். ஆறு தடவை. பிறகு விளையாடப் போய்விட்டாள். அழவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் எழுதமாட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

கையெழுத்து இருபத்தெட்டாம் தேதி என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் எழுதுவேன்.

அன்புடன்,
தங்கை

*

இருபத்து நான்காம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். என் தொழிலில் இருப்பவள் இப்படி எழுதக் கூடாது.

நீ உன் வேலையைப் பற்றி அனுப்பிய நீளமான கடிதத்தைப் படித்தோம். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து, சுருக்கமில்லாமல் தேய்க்கிற உருளைக்குள் கொடுப்பது உன் வேலை என்று இப்போது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். சனிக்கிழமை அத்தானும் நானும் கூடத்தில் ஆளுக்கொரு முனையாகப் போர்வையைப் பிடித்து அவளுக்கு நடித்துக் காட்டினோம். அவர் தடுக்கி விழுந்தார். "உங்கக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி விழுவா?" என்று தரையில் இருந்தபடியே கேட்டார். மேனேஜர் போர்வை முனையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே பிடித்தாள்.

அதற்குப் பிறகு நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பிறந்தநாளுக்கு நீ ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாயே, கட்டிலில் உட்கார்ந்து பேசுகிற ஒரு நிமிட வீடியோ, அது என் போனில் இருக்கிறது. நேற்று மத்தியானம் ‘அம்மா – துணி – வேலை’ என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, உன் முகத்தையும் பார்க்கட்டும் என்று அதைப் போட்டேன். உள்ளுக்குள் பயம்தான். பயந்தபடியே நடந்தது. பாதியில் உள்ளங்கையைக் கொண்டுவந்து உன் முகத்தில் வைத்தாள், பக்கவாட்டில் தள்ளினாள். போன் சாய்ந்தது. பழைய பழக்கத்தில் போனை எடுத்து மூடப் போனேன். அப்போது அத்தான், "இரு, இரு, அவ கையைப் பாரு," என்றார்.

பார்த்தேன். அவள் அடிக்கவில்லை, விலக்கவில்லை. பலகையில் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போக எப்படித் தள்ளுவாளோ, அப்படித் தள்ளினாள். தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்து, போனின் ஓரத்தில் கண்ணை வைத்து எட்டிப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்ப்பார்களே, அந்த மாதிரி. முகம் நகரவில்லை. மறுபடி தள்ளினாள். நான் போனை நிமிர்த்தி அவள் முன்னால் வைத்துவிட்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பலகையை இழுத்தாள். இரண்டாவது வரிசை, நான்காவது கட்டம். விரல் நேராக அங்கே போனது, தேடவில்லை. உன் குரலில் "அம்மா". பிறகு பக்கத்தைத் தள்ளி, போன மாதம் பள்ளியில் அலமாரிக்கு மேலே, கீழே, பின்னாடி என்று பாடம் வந்தபோது நான் பதிவு செய்த சொல்லைத் தேடிப் பிடித்தாள். பிறகு இன்னொன்று.

‘அம்மா – பின்னாடி – என்ன.’

அத்தான் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் எங்களைப் பார்த்தாள், பதில் வரவில்லை என்று மறுபடியும் அழுத்தினாள். முதல் சொல் உன் குரல், அடுத்த இரண்டும் என் குரல். ‘அம்மா – பின்னாடி – என்ன.’ விரலால் போனைத் தொட்டுக் காட்டினாள். வீடியோவை நிறுத்திப் பார்த்தோம். உன் தலைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. சாம்பல் பச்சை நிறம், கொக்கியில் ஒரு துண்டு தொங்குகிறது, மூடியிருக்கிறது. இரண்டு வருடமாக நீ அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறாய். எனக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே நேற்றுதான் தெரியும். அவளுக்குக் கேட்க ஒரு சொல் கிடைக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. உன் முகத்தைத் தள்ளினால் அடுத்த பக்கம் வரும் என்று நினைத்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் நெட்வொர்க் என்று சொல்லி மூடியிருக்கிறேன்.

‘சித்தி – தெரியாது’ என்றேன். அத்தானைப் பார்த்தாள். ‘அப்பா – தெரியாது’ என்றார் அவரும். வாயால் சொல்லியிருந்தால் அவர் குரல் உடைந்திருக்கும்; நல்லவேளை, பலகையில் பேசுகிறவருக்கு அது வெளியே தெரிவதில்லை. அவள் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரியவர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று பார்த்த மாதிரி எனக்குப் பட்டது. அது நான் சேர்த்துக்கொண்டது. அவள் சொன்னதில் இல்லை.

இன்று காலை டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கேள்வி கேட்டிருக்கா. பதில் யார்கிட்ட இருக்கோ அவங்களைச் சொல்லச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னார்.

அக்கா, ஒன்றில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். ‘வா’ என்ற பொத்தான் முதல் வரிசையிலேயே இருக்கிறது, நீ பதிவு செய்தது. பக்கத்து வீட்டுப் பூனையை அவள் தினமும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ‘அம்மா’வையும் ‘வா’வையும் சேர்த்து அவள் இதுவரை அழுத்தவில்லை. அழுத்தினால் அன்றைக்கே எழுதுவேன். அழுத்தாததை நான் எழுதமாட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்பதை அவள் பெயரில் எழுதிவிடுவேனோ என்ற பயத்தில்தான் இந்தப் பத்தியை நான்கு தடவை திருத்தியிருக்கிறேன். ஒப்பந்தம் உன்னுடையது. நீ தோளில் என்னென்ன சுமந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை.

கேட்பது இதுதான். நாளை செவ்வாய்க்கிழமை உனக்கு ஓய்வு நாள். இங்கே மாலை நான்கரை மணிக்கு அவள் பள்ளியிலிருந்து வந்து பால் குடித்து முடித்திருப்பாள். வீடியோவில் வா. சாப்பிட்டியா என்று அவளிடம் கேட்காதே, நிறம் காட்டு, எண்ணிக்கை சொல்லு என்று எதையும் கேட்காதே. போனைக் கட்டில்மேல் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து கொஞ்சம் நகர்ந்து நில். பிறகு அந்தக் கதவைத் திற. அந்தப் பக்கம் குளியலறையோ, துடைப்பம் வைக்கிற இடமோ, வெறும் சுவரோ, எதுவாக இருந்தாலும் அவளிடம் அதைச் சொல். இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போடுவதோ போடாமல் இருப்பதோ அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அம்மாவுக்கு எழுதுகிறேன், உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இப்போது அவளிடம் பலகையிலேயே கேட்டேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், என் திரையைப் பார்த்துக்கொண்டு. ரொம்ப நேரம் யோசித்தாள். ஒரு தடவை ‘போதும்’ என்று அழுத்திவிட்டாள், உன் இருமலோடு. போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பிறகு மூன்று பொத்தான். மூன்றும் நீ போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தவை. மூன்றும் உன் குரல்தான். பிழை திருத்துவது என் தொழில் என்றாலும் இதில் நான் கை வைக்கவில்லை. அவள் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

‘அம்மா – கதவு – திற.’

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் அக்கா. நான்கரை மணிக்குப் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருப்போம்.

உன் தங்கை